குடமுருட்டியில் ஒரு நாற்றுப் படகு

தம்பி,

நான் சௌக்கியம் என்று மட்டும் எழுதினால் நீ நம்ப மாட்டாய். அதனால் முழங்கால் வலியையும், இரண்டு நாளாகக் கரண்டு வந்து வந்து போவதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீயும் மருமகளும் படகில் போன கதையைப் போனில் சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. நாற்பதை எட்டப்போகும் வயதில் கல்யாணம் செய்துகொண்டாய். செய்த கையோடு பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் ஆற்றிலேயே குடியிருந்துவிட்டு வந்திருக்கிறாய். கல்யாணம் ஆனால் கோயிலுக்குப் போவார்கள், வேளாங்கண்ணிக்குப் போவார்கள், என் பிள்ளை ஆற்றோடு போய்விட்டான் என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தேன். போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து பேச்சை மாற்றிவிடுவாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. முப்பது வருஷம் சத்துணவுக் கூடத்தில் கணக்கு எழுதிய கை, இன்னும் எழுத வருகிறது.

நீ சொன்னதில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. மெரினா என்றாய். எனக்குத் தெரிந்த மெரினா சென்னையில் சுண்டல் விற்கிற கடற்கரைதான். படகுகளை வரிசையாகக் கட்டிவைக்கிற துறைக்கு நீ இருக்கிற வெளிநாட்டில் அப்படிப் பெயர் என்று பிறகுதான் விளங்கியது. சாயங்காலம் ஆனால் ஏதாவது ஒரு துறையில் நிறுத்துவீர்களாம். கரண்டு கொடுப்பார்களாம், குழாய்த் தண்ணீர் கொடுப்பார்களாம், குளிக்க வெந்நீர்கூட உண்டாம். எனக்கு வந்த சந்தேகங்களை எழுதுகிறேன், பொறுமையாகப் பதில் சொல். நீங்கள் போய்ச் சேரும்போது முன்பின் தெரியாத ஒருவர் வந்து கயிற்றை வாங்கிக் கட்டுவார் என்றாயே, அவர் உன்னை எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லையா? பக்கத்துப் படகுக்காரர்கள் பேசுவார்களா, முகத்தைத் திருப்பிக்கொள்வார்களா? குழம்பு வைத்தால் வாசனைக்கு யாராவது ஏதாவது சொல்கிறார்களா? ஆறு பள்ளத்தில் இறங்குகிற இடத்தில் படகை ஒரு பெரிய தொட்டிக்குள் விட்டு, கதவை மூடி, தண்ணீரை வடித்து, படகை மெல்லக் கீழே இறக்குவார்கள் என்றாய். அதை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். "ஏம்மா, இவ்வளவு கேக்குறியே, நீ என்ன படகா ஓட்டப் போற?" என்று சிரித்தாய். துடுப்பு பிடிக்காவிட்டாலும் படகில் ஏறி, துறைதுறையாக நின்று, ஊர் வந்து சேர்ந்தவள்தான் நான். இதை உனக்கு இதுவரை நானும் சொன்னதில்லை, உன் அப்பாவும் சொன்னதில்லை. அவருக்கு அதைப் பேசப் பிடிக்காது. அவர் போய்ச் சேர்ந்தும் வருஷங்கள் ஆகிவிட்டன. இனி நான்தான் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் பிறந்தது திருவையாற்றுக்குப் பக்கம். வாழ வந்தது குடவாசலுக்கு மேற்கே, இந்த ஊர். உன் அப்பா வீட்டார் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் வேலை செய்தவர்கள். பண்ணை என்றால் ஊரின் பெரிய நிலக்காரர் வீடு, வயல், தோப்பு, அவர்கள் சொல்வது எல்லாம் சேர்ந்தது. அந்தப் பண்ணை உன் தாத்தாவுக்கு ஆற்றை ஒட்டி மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர், குத்தகைக்கு விட்டிருந்தது. வெள்ளம் வந்தால் ஊரிலேயே முதலில் முழுகுவது அந்த நிலம்தான், அதனால்தான் நமக்குக் கிடைத்தது. ஆட்சி மாறி, குத்தகைக்காரரை லேசில் வெளியே தள்ள முடியாது என்று புதிதாகச் சட்டம் வந்தது. அதுவரை எங்களை ஒரு பொருட்டாக நினைக்காத பண்ணைக்கு அந்த மூன்று மா மேல் திடீரென்று ஆசை வந்துவிட்டது. சட்டத்தில் அவர்களுக்கு இருந்தது ஒரே வழி. சாகுபடி செய்யாமல் நிலத்தைத் தரிசு போட்டுவிட்டான் என்று காட்ட வேண்டும். அந்த ஆனி மாதம் ஒரு விடியலில் போய்ப் பார்த்தால் எங்கள் நாற்றங்காலில் மாடுகள் இறங்கி மேய்ந்திருந்தன. யாருடைய மாடு என்று ஊருக்கே தெரியும். வாய் திறந்து சொல்லத்தான் ஆள் இல்லை. உன் அப்பா வரப்பில் உட்கார்ந்து சேற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நாற்று இல்லாவிட்டால் நடவு இல்லை, நடவு இல்லாவிட்டால் நிலம் இல்லை. என் அண்ணன் ஊரில், அதாவது உன் மாமா ஊரில், நாற்று மிஞ்சிக் கிடந்தது. ஆனால் கொண்டுவருவது எப்படி? அந்த வருஷம் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெரு ஜனம் எல்லாம் வேலைநிறுத்தத்தில் இருந்தது. ரோட்டில் நாற்று வண்டியைப் பார்த்தால், வெளியாள் வைத்து நடுவதற்குப் பண்ணைக்குப் போகிறது என்று ஊருக்கு ஊர் நம் ஆட்களே மறிப்பார்கள். அதைத் தாண்டி வந்தால் பண்ணை ஆட்கள் மறிப்பார்கள். போதாததற்கு எங்கள் நிலத்துக்குப் போகிற வண்டிப்பாதை பண்ணைத் தோப்பு வழியாகப் போனது. அதில் குறுக்கே பள்ளம் வெட்டிவிட்டார்கள். நானும் உன் அப்பாவும் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் புலம்பினோம். அண்ணன் குடமுருட்டி ஆற்றில் ஓடம் விட்டுக்கொண்டிருந்தவர். புதிதாகப் பாலம் கட்டியதால் ஓடம் சும்மா கரையில் கிடந்தது. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "ரோட்ட வெட்டுவான், பாதைய அடைப்பான். ஆத்துக்கு வேலி போடுவானா? இங்க போற தண்ணிதானே மாப்ள ஒங்க ஊருக்கும் போவுது?" நான்தான் சரி என்றேன்.

விடியலில் நாற்றை ஏற்றினோம். பறித்த நாற்று பச்சைப்பிள்ளை மாதிரி தம்பி. வெயில் ஆகாது, அனல்காற்று ஆகாது. ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தி அடுக்கினால் உள்ளே சூடேறி வெந்துபோகும். இரண்டு நாளைக்குள் சேற்றைப் பார்க்காவிட்டால் பழுத்துவிடும், அப்புறம் மாட்டுக்குத்தான் போட வேண்டும். அண்ணன் பின்னால் கழி ஊன்ற, உன் அப்பா முன்னால் உட்கார்ந்து மரம் மட்டை வருகிறதா என்று பார்க்க, நடுவில் முடி முடியாகக் கட்டிய நாற்றுக் கட்டுகளுக்கு இடையில் நான். என் வேலை சொம்பால் ஆற்றுத் தண்ணீரை மொண்டு நாற்றின் மேல் தெளிப்பது, அடியில் இருப்பதை மேலே மாற்றி வைப்பது. ஆடி மாதத் தண்ணீர் இரு கரையும் தொட்டு, காப்பி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பயம் இருந்ததா என்று கேட்டால் இருந்தது. ஆனால் பயத்தைவிட வேடிக்கை பார்க்கும் ஆசைதான் அதிகம். அதுவரை நான் ஆற்றைக் கரையிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். கரையை ஆற்றிலிருந்து பார்த்ததில்லை.

ரோட்டில் போனால் ஊர் தன்னை அலங்காரம் செய்துகொண்டு நிற்கும். ஆற்றில் போனால் கொல்லைப்பக்கம்தான் தெரியும். அதில்தான் எத்தனை விஷயம். மதில் வைத்த பெரிய வீட்டுக்குக் கொல்லையில் படல்கூட இல்லை. ஒருத்தி மாமியார் காதில் விழாமல் ஆற்றைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள், எங்களைப் பார்த்ததும் பாத்திரம் தேய்க்கிற மாதிரி குனிந்துகொண்டாள். ஒரு படித்துறையில் தோளில் கறுப்புச் சிவப்புத் துண்டு போட்ட இளவட்டம் ஒருவன், யாரும் இல்லை என்று நினைத்து ஆற்றுக்கு முன்னால் நின்று மேடைப் பேச்சு பழகிக்கொண்டிருந்தான். தாய்மார்களே, பெரியோர்களே என்று கையை நீட்டியபோது நாங்கள் எதிரே வந்துவிட்டோம். அண்ணன் கழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார். நானும் தட்டினேன். அவன் வெட்கப்பட்டாலும் பேச்சை நிறுத்தவில்லை, நாங்கள் வளைவு திரும்பும்வரை எங்களுக்காகவே பேசினான். பிற்பாடு அவன் எங்காவது எம்.எல்.ஏ. ஆகியிருப்பானோ என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

துறைகளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். உன் ஊரில் எந்தத் துறையில் இடம் காலியோ அங்கே கட்டுவீர்கள். இங்கே ஒவ்வொரு துறைக்கும் ஆள் உண்டு. கோயில் துறை, அக்ரகாரத்துத் துறை, குடியானவர் துறை, வண்ணார் துறை, மாடு இறங்குகிற துறை, எங்கள் தெரு ஆட்கள் இறங்குகிற துறை என்று வரிசையாக இருக்கும். எங்கள் துறை எப்போதும் கடைசியில், ஆற்றோட்டத்துக்குக் கீழே. எல்லாரும் குளித்த பிறகு வருகிற தண்ணீர்தான் எங்களுக்கு. எந்த ஊரிலும் பலகை எழுதி வைக்கவில்லை, ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் எங்கே இறங்கக்கூடாது என்று காலுக்குத் தெரிந்துவிடும். இது மாறிக்கொண்டிருந்த காலம்தான். மேடையில் எல்லாரும் சமம் என்று பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஆனால் மேடைக்கும் படித்துறைக்கும் நடுவில் வெகுதூரம் இருந்தது.

முதல் சங்கடம் பாபநாசம் தாண்டி வந்தது. ஆற்றுக்குக் குறுக்கே சட்ரஸ், அதாவது தண்ணீரைப் பிரித்துவிடுகிற இரும்புக் கதவுகள். நீ சொன்ன தொட்டியெல்லாம் இங்கே கிடையாது. நாற்றை முழுவதும் இறக்கி, படகைக் கரைமேல் ஏற்றி இழுத்து, மறுபக்கம் இறக்க வேண்டும். மதகைப் பார்த்துக்கொள்கிற லஸ்கர் காக்கிச் சட்டையோடு வந்து, படகு போக அனுமதி இருக்கிறதா என்றார். இல்லை என்றோம். அப்படியானால் போகக்கூடாது என்றார். போகக்கூடாது என்று எங்கே போட்டிருக்கிறது என்று நான் கேட்டேன். எதிர்த்துப் பேச வேண்டும் என்றில்லை தம்பி, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் யோசித்தார். "அப்படியும் எங்கயும் போடலம்மா. இதுக்கு முன்னாடி யாரும் படகுல வந்து கேட்டதில்ல" என்றார். பக்கத்து டீக்கடையில் இரண்டு கூட்டம் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ஆளுங்கட்சி, ஒரு பக்கம் சிவப்புத் துண்டு. அண்ணன் போய் விஷயத்தைச் சொன்னார். சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு இரண்டு கூட்டமும் வந்தது. வாழைத்தண்டுகளை வெட்டிப் படகுக்கு அடியில் போட்டு உருட்டி, ஏலேலோ போட்டு இழுத்தார்கள். லஸ்கரும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கைபோட்டார். மறுபக்கம் படகு தண்ணீரைத் தொட்டதும் மறுபடி டீக்கடைக்குப் போய் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள்.

இருட்டுவதற்குள் வலங்கைமானுக்கு இந்தப் பக்கம் ஒரு வண்ணார் துறையில் நிறுத்தினோம். அங்கே வெளுத்துக்கொண்டிருந்த அக்கா எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். எங்கிருந்து, எங்கே, ஏன் என்று மூன்றே கேள்வி. அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். அவள் நாற்றுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். "உள்ள சுடுது" என்றாள். பிறகு அலசிப் பிழிந்து வைத்திருந்த மூட்டையிலிருந்து நனைந்த வேட்டிகளை எடுத்து நாற்றின் மேல் ஒவ்வொன்றாகப் போர்த்தினாள். அகலக் கரை போட்ட மயில்கண் வேட்டிகள். இவ்வளவு விலை உயர்ந்த வேட்டி யாருடையது என்று கேட்டேன். "எங்கூரு மிராசுதாரு வேட்டி. காலையில மறுபடி அலசிக் குடுத்துருவேன். அவரு என்ன, மோந்தா பாக்கப்போறாரு?" என்றாள். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. உன் அப்பாவுக்கு மட்டும் முகம் வெளுத்துவிட்டது. ஒரு மிராசுதார் வேட்டியை மிதித்துவிடக்கூடாது என்று அன்றிரவு படகின் ஓரத்தில் ஒடுங்கிப் படுத்தார். நீ கல்யாணமானவன், அதனால் சொல்கிறேன். துணையாக வந்தவர் எதைக் கண்டு பயப்படுகிறார் என்பதைச் சிரித்து முடித்த பிறகாவது கேட்டுத் தெரிந்துகொள். நான் அன்றைக்குக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. சோறு பொங்கவும் நாற்றைப் புரட்டிப் போடவும் ஓரிடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. வளைவில் அருமையான படித்துறை ஒன்று, அகலமான கருங்கல் படி, மேலே புங்கமர நிழல். ஒரு ஈ காக்கை இல்லை. அண்ணன் படகை அங்கே திருப்பினார். உன் அப்பா, "வேணாம் மச்சான், இது யாரு துறையோ" என்றார். யாரும்தான் இல்லையே என்றார் அண்ணன். "யாராச்சும் வந்துட்டா?" என்று உன் அப்பா துடுப்பைப் போட்டுப் படகைத் தள்ளி, கொஞ்சம் கீழே இருந்த மாட்டுத்துறைக்குக் கொண்டுபோனார். நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். உள்ளதைச் சொன்னால், அந்தப் படியைப் பார்த்ததும் என் காலும் பின்வாங்கியது. மாட்டுத்துறையில் படகு சேற்றில் செருகிக்கொண்டது. நாங்கள் இறங்கி அதைக் கிளப்ப மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது எருமைகள் தண்ணீருக்கு வந்தன. பச்சை நாற்று படகு நிறைய இருந்தால் எருமை விடுமா? ஒரு பக்கத்தில் விரட்டினால் மறுபக்கம் கழுத்தை நீட்டி வாய்நிறைய இழுத்தது. ஏற்கெனவே ஒரு நாற்றங்காலை மாட்டுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டாவதையும் நாங்களே வழிதேடிப் போய் ஊட்டினோம். விரட்டி, படகைக் கிளப்பி, வெளியே வந்தபோது நாற்றில் கால்வாசி போயிருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அன்று சோறு பொங்கவில்லை.

கிளையாற்றில் திரும்பி எங்கள் ஊரை நெருங்கும்போது பிற்பகல் ஆகிவிட்டது. மேலே எங்கோ கூடுதலாகத் திறந்துவிட்டிருக்க வேண்டும், தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. எங்கள் நிலத்தை ஒட்டிய கரை செங்குத்து. இழுப்பு நேராக அதில்தான் மோதிச் சுழித்துக்கொண்டிருந்தது. அண்ணன் இரண்டு தடவை நெருங்கிப் பார்த்தார். "இங்க வச்சா படகு கவுந்துரும்" என்றார். இதைத் தாண்டிவிட்டால் கீழே அடுத்த துறை வெகுதூரம், அங்கிருந்து நாற்றைச் சுமந்து வருவதற்குள் வெயிலில் பாதி பழுத்துவிடும். மிஞ்சியது ஒரே இடம்தான். எங்கள் நிலத்துக்குச் சற்று மேலே, வளைவின் உள்பக்கம், தண்ணீர் தூங்குகிற மாதிரி இருக்கும். அது பண்ணைத் துறை. ஊரில் பண்ணை வீட்டாரைத் தவிர வேறு ஒருவர் கால் வைத்ததில்லை. படிகளில் பண்ணையின் காரியக்காரர், வயலையும் ஆட்களையும் பார்த்துக்கொள்கிறவர், தடியோடு நின்றுகொண்டிருந்தார். ஆற்றில் படகு வருகிற செய்தி எப்படியோ எட்டியிருக்கிறது.

"யாருடா அது? எங்க கொண்டாந்து வைக்கிற? பண்ணைத் துறைன்னு தெரியுமா தெரியாதா?" என்று கத்தினார். தண்ணீர் ஏறுகிறது, நாற்றை இறக்கிவிட்டுப் போய்விடுகிறோம் என்று அண்ணன் சொன்னார். "எறக்கினா காலு இருக்காது" என்றார் அவர். உன் அப்பா கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டார். என் கண் படியின் ஓரத்துக்குப் போயிற்று. அங்கே ஒரு கல் நட்டிருந்தது. தலையில் துளை போட்டு, துளையின் உள்பக்கம் வழவழவென்று தேய்ந்து கிடந்தது. ஆடு மாடு கட்டுகிற கல் இல்லை, தண்ணீர் ஓரத்தில் யார் மாடு கட்டுவார்கள்? "ஏங்க, இந்தக் கல்லு எதுக்குங்க?" என்று கேட்டேன்.

அவர் திட்ட வாயெடுத்தவர் நின்றுவிட்டார். "எந்தக் கல்லு?" என்றார். "ஒங்க காலு கிட்ட இருக்குதே. துளை தேஞ்சுருக்கு பாருங்க. படகு கட்டுற கல்லு மாதிரி இருக்கு. இங்க முன்னாடி படகெல்லாம் வருமாங்க?" அவர் குனிந்து பார்த்தார். அத்தனை வருஷம் அந்தப் படியில் நின்றவர், அன்றைக்குத்தான் அதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. "பெரியய்யாவோட அப்பா காலத்துல நெல்லு படகுல போகும்பாங்க" என்றார், குரல் இறங்கிவிட்டது. "யாரு வந்து ஏத்துவாங்க? எங்க தெரு ஆளுங்கதானே ஏத்திருப்பாங்க? இந்தப் படி வழியாத்தானே ஏறி எறங்கிருப்பாங்க?" என்று கேட்டேன். அவர் துளையில் விரலை விட்டுப் பார்த்தார். அதற்குள் அண்ணன் கழியை ஊன்றிப் படகை ஒட்டவைத்து, அவர் விரலை எடுத்த துளையிலேயே கயிற்றை நுழைத்துக் கட்டிவிட்டார்.

அப்புறம்தான் அவருக்குச் சுயநினைவு வந்தது. தடியை ஓங்கிக்கொண்டு ஒரு படி இறங்கினார். அதே நேரம் கரைமேல் சத்தம். வேலைநிறுத்தம் என்று தினமும் ஆற்றங்கரை ஆலமரத்தடியில் உட்கார்ந்திருந்த எங்கள் தெருப் பெண்கள் படகைப் பார்த்துவிட்டு ஓடிவந்திருந்தார்கள். முன்னால் வந்தவள் அஞ்சலை, நடவுப் பெண்களைக் கூட்டிப்போகிற கொத்துக்காரி. "நடவுக்கு எறங்கமாட்டோம்னு சொன்னவளுவ இங்க என்னாத்துக்கு வர்றீங்க?" என்று காரியக்காரர் கேட்டார். "பண்ணை வயல்லதான் எறங்கமாட்டோம்னோம். இது எங்க ஆளு வயலு" என்றாள் அஞ்சலை. அவரைச் சுற்றிக்கொண்டு, தகாத வார்த்தை ஒன்றுகூடப் பேசாமல், படிகளில் இறங்கினார்கள். ஒருத்தி கையிலிருந்து அடுத்தவள் கைக்கு நாற்று ஏறியது. நானும் படியில் நின்றேன். கல் குளிர்ச்சியாக இருந்தது. நடுவில் லேசாகக் குழிந்து, கால் தானாகப் பொருந்துகிற மாதிரி இருந்தது. இதைத்தானா இத்தனை காலம் காவல் காத்தார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காரியக்காரர் ஆள் கூட்டிவரப் போனார். ஆட்களோடு திரும்பி வந்தபோது நாற்று எங்கள் வயலில் இருந்தது, பெண்கள் முழங்கால் சேற்றில் வரிசை பிடித்து நட்டுக்கொண்டிருந்தார்கள். நட்ட வயலில் இறங்கி நாற்றைப் பிடுங்க அந்த ஆட்களுக்கும் மனம் வரவில்லை, அவர்களும் வயல் வேலை செய்கிறவர்கள்தானே. எருமை தின்றது போக மீதி நாற்று இரண்டு மாவுக்குக் கொஞ்சம் மேல்தான் வந்தது. சாகுபடி நடந்ததற்கு அது போதும் என்று பிறகு தாலுகா ஆபீசில் சொல்லிவிட்டார்கள். நிலம் நிலைத்தது. நீ படித்தது அந்த நிலத்து வரும்படியில்தான்.

ஆனால் நான் இத்தனை நேரம் எழுதியது நிலம் நிலைத்த கதையைச் சொல்ல அல்ல. நாற்று ஏறிக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் உன் அப்பா படகுக்கு அந்தப் பக்கம் மார்பளவு தண்ணீரில் நின்று முடிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசி முடியும் ஏறியது. பெண்கள் போனார்கள். அண்ணன் படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். "வாங்க மாப்ள, ஏறி வாங்க" என்று கையை நீட்டினார். உன் அப்பா தலையை ஆட்டிவிட்டு, அந்த இழுப்பில், கரையோர நாணலைப் பிடித்துக்கொண்டு கீழே நடந்து, எங்கள் நிலத்துக்கு எதிரே சறுக்குகிற செங்குத்துக் கரையில் நகத்தால் பற்றி ஏறினார். இரண்டு தடவை விழுந்தார். சாயங்காலம் வரப்பில் போகும்போது, ஏன் அப்படிச் செய்தீர்கள், காரியக்காரர்கூட அப்போது அங்கே இல்லையே என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கால்ல சேறா இருந்துச்சு புள்ள. படி அழுக்காயிடும்."

எனக்கு அழுகை வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. நிலம் நம் பெயருக்கு வந்தது. பண்ணைப் பிள்ளைகள் சென்னைக்குப் போய்விட்டார்கள். அந்தத் துறையில் இப்போது எல்லாத் தெருப் பிள்ளைகளும் குதிக்கிறார்கள். உன் அப்பா மட்டும் கடைசிவரை நம் கரையின் சேற்றிலேயே இறங்கிக் குளித்தார். அவரை யாரும் அப்போது தடுக்கவில்லை. யாரும் தடுக்காதபோதும் மனிதன் ஏன் சேற்றுப் பக்கமே திரும்புகிறான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உனக்கு விளங்கினால் எழுது.

நீ அனுப்பிய படங்களை மருமகள் சொல்லிக்கொடுத்தபடி பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு படத்தில் நீங்கள் இரண்டு பேரும் படகிலிருந்து துறையின் மரப்பலகையில் ஏறுகிறீர்கள். பளபளவென்று கழுவிவிட்ட பலகை. சுற்றிலும் அந்த ஊர்க்காரர்கள் பூட்ஸோடு நடக்கிறார்கள். மருமகள் செருப்போடு நிற்கிறாள். நீ மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறுகிறாய். நனைந்திருந்ததால் கழற்றியிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் இந்தக் கிழவிக்குப் பைத்தியம் என்று சிரித்துக்கொள். இல்லை என்றால், நீ பிறப்பதற்கு முன்னால் நடந்த ஒன்றை நாங்கள் உனக்குச் சொல்லாமலே உன் காலுக்கு யார் சொன்னது தம்பி?

அடுத்த தடவை செருப்பைப் போட்டுக்கொண்டு ஏறு. பலகை அழுக்கானால் அவர்கள் கழுவிக்கொள்வார்கள்.

அம்மா